அழிக்கிற பாடம்

தவணைக்கு வாங்கின கெமரா.
ஏழு தவணை கட்டியாயிற்று, ஐந்து பாக்கி.
பல்வைத்தியரின் வாசலில் நம்பர் கொடுக்கிற வேலை முடிந்து
ஆறு மணிக்குப் பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி.
லிஃப்ட் வேலைசெய்யாது.
படிப்பிக்கிற ருஷ்தாவுக்கு இருபத்திமூன்று வயது.
எனக்கு நாற்பத்தாறு.
அவ என்னை அன்ரி என்பா, நான் அவவை மிஸ் என்பேன்.
இரண்டு பேருக்கும் அது சரியாகப் பொருந்தவில்லை.

முதல் மாதம் வெளிச்சம் மட்டும்தான்.
எண் பெரிதானால் துளை சிறிதாகும் என்றா.
மற்றவர்கள் விழித்தார்கள்.
எனக்கு உடனே விளங்கிற்று:
என் சம்பளத்தாளும் அப்படித்தான்.

கெமரா இரண்டு விதமாய்ச் சேமிக்கும்,
சமைத்தது ஒன்று, பச்சையாய் ஒன்று.
பச்சைக் கோப்பு பார்க்க மங்கல்,
கடைவாய்ப்பல் எக்ஸ்ரே மாதிரி.
அழகில்லை, ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் வீட்டுப்பாடம்.
செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு
திறந்து வைத்தேன்.
பாணந்துறை ரயில் நீலக் கோடாய்ப் போயிற்று,
மிதிபலகையில் தொங்கினவர்கள்
கோட்டுக்குள் கோடு.
பாண் பையோடு நின்ற ஒருத்தர் மட்டும்
சட்டைப் பொத்தான் வரை தெளிவாக விழுந்திருந்தார்.
ரயிலைத் தவறவிட்டவர்.

அதற்குப் பிறகுதான் அழிக்கிற பாடம்.
பக்கத்து வானத்தில் கொஞ்சம் அள்ளி
வேண்டாததன் மேல் அப்ப வேண்டும்.
முதலில் ஒரு முகப்பரு,
பிறகு கல்லிடுக்கில் சிக்கின சொப்பிங் பை,
பிறகு
கடலுக்குக் குறுக்கே நின்ற மின்கம்பம்.
இருநூறு வீதம் பெருப்பித்து,
நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்பது நிமிடம்.
கம்பத்தையும் மூன்று கம்பிகளையும்
சதுரம் சதுரமாகத் தின்றேன்.
பின்னேரக் கடல் தடையில்லாமல் வந்தது.

"அன்ரி, காகம்" என்றா ருஷ்தா.

கம்பியை அழித்த நான்
காகத்தை விட்டிருந்தேன்.
வெறும் வானத்தில்
விரல்களை இறுக்கிப் பிடித்தபடி
ஒன்றும் நடக்காததுபோல் குந்தியிருந்தது.
வகுப்பே சிரித்தது.
பின் வாங்கிலிருந்து சனுக
"கன்ட்ரோல் ஸெட்! கன்ட்ரோல் ஸெட்!" என்று கத்தினான்.
நான் மவுஸைத் தொடவில்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
அப்படியே சேவ் பண்ணினேன்.

மறுநாள் காலை ஏழேகால்.
கம்பம் நின்றது.
துருவேறின இலக்கத் தகடு,
பாதி கிழிந்த கணித டியூஷன் நோட்டீஸ்,
அடியில் வெற்றிலைத் துப்பல்.
நேற்று நாற்பது நிமிடம் இவ்வளவு கிட்டப் பார்த்தும்
இதில் ஒன்றையும் நான் கண்டிருக்கவில்லை.
பின்னால் கதைத்துவிட்டு
முன்னால் சந்திக்கிற ஆளைப்போல
நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ரயில் இருபது நிமிடம் தாமதம் என்றார்கள்,
மூன்று மொழியிலும்.
கெமரா பையில்தான் கிடந்தது.
வெயில் அதற்குள் ஏறிவிட்டது.
மேடையில் இருந்தது ஒரே ஒரு நிழல்,
ஒரு ஆள் அகலம்.
தலையைக் குனிந்துகொண்டு
அதற்குள் போய் நின்றேன்.