பயணத்தின் நோக்கம்

பரந்தனில் பெற்றோல் அடிக்கும்போதே
இராசமலர் பிடித்துவிட்டாள்.
"எங்கை, விடியக் காலமை?"
வவுனியாவுக்கு.
"என்னத்துக்கு?"
கண் டொக்டரிட்டை என்று வாயில் வந்துவிட்டது.
இரண்டு கண்ணும் நன்றாய்த்தான் இருந்தன.
அவள் காதில் தோடு மாறியிருந்ததைக்கூடக் கண்டேன்.

சங்கத்து அடகுப் பிரிவில் பதினொரு வருடமாக
ஊராரின் தாலிக்கொடி நிறுத்துத் துண்டு எழுதுகிறேன்.
மூன்றாம் தரம்தான் லைசென்ஸ் கிடைத்தது.
ஸ்கூட்டிக்கு இடப்பக்கக் கண்ணாடி இல்லை,
அந்தப் பக்கத்து உலகத்தை நம்பித்தான் ஓடவேண்டும்.

ஆனி மாதத்து ஞாயிறு.
தெற்கே எண்பது கிலோமீற்றர்.
கிளிநொச்சி இன்னும் கடை திறக்கவில்லை.
இரணைமடுச் சந்தியில் ஒரு நாய்
வெள்ளைக் கோடுவரை வந்து, யோசித்து,
திரும்பிப் போனது.

முறிகண்டியில் எல்லாரும் நிற்பார்கள், நானும் நின்றேன்.
பிள்ளையார் ஒன்றும் கேட்கவில்லை.
கச்சான்காரிதான் கேட்டாள்:
"தனியவோ பிள்ளை?"
ஓம் என்றேன்.
அள்ளி ஒரு பிடி கூடப் போட்டாள்,
பாவம் என்றா, கெட்டிக்காரி என்றா,
முகத்தில் எழுதியிருக்கவில்லை.

கொக்காவில் தாண்டக் காடு.
நேராகக் கிடக்கும் தார் றோட்டின் கடைசியில்
தண்ணீர் மாதிரி ஒன்று பளபளக்கும்,
கிட்டப் போனால் அடுத்த மேட்டுக்கு இடம் மாறும்.
கொழும்பு பஸ் ஒன்று உரசிக்கொண்டு போக
சோல் பறந்து வாயை அடைத்தது.
பயந்தேன்.
பயந்தபடியே ஐம்பதைத் தொட்டேன்.
பிறகு சத்தமாகப் பாடினேன்.
கேட்டது மயில் மட்டும்,
அதற்கும் என் குரல்தான்.

முந்தி இந்த வழியால் போக பாஸ் வேண்டும்.
பெயர், வயது, பிணை நிற்பவர்,
பிறகு 'பயணத்தின் நோக்கம்' என்று
ஒன்றரை அங்குலத்தில் ஒரு கோடு.
சத்திரசிகிச்சை. செத்தவீடு. சோதினை.
மூன்றும் எனக்கு வாய்க்காத ஒருமுறை
சின்ன மாமாவைச் சாகடித்து எழுதினேன்.
கனடாவிலிருந்து அவர் இன்றைக்கும்
காலை வணக்கம் என்று ரோசாப்பூ அனுப்புகிறார்.

மாங்குளத்தில் பாலைப்பழம்.
ஒரு சுண்டு வாங்கி, மதகில் குந்தி
முழுவதையும் தின்றேன், யாருக்கும் மிச்சம் வைக்காமல்.
உதட்டோடு உதடு ஒட்டிக்கொண்டது.
புளியங்குளத்தில் பொலிஸ் மறித்தபோது
வாயைத் திறக்கவே நேரம் எடுத்தது.
லைசென்ஸைப் பிடித்து எழுத்தெழுத்தாக
"ந-கு-லாம்-பிகை" என்றான், பெடியன்.
"எங்க போற?"
வவுனியா.
"என்ன வேலை?"
டொக்டர் நாக்கு நுனியில் நின்றார்.
பழத்தின் பால் விடவில்லை.
"சும்மா" என்றேன்.
"சும்மா?"
தன் பாசையில் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தான், "நிக்கங்?"
சிரித்தான்.
இல்லாத கண்ணாடியைக் காட்டி
பூட்டச் சொன்னான், துண்டு எழுதவில்லை.

ஓமந்தையில்
தகரக் கொட்டகை நின்றதாக நான் நினைக்கும் இடத்தில்
இரண்டு ஆடுகள்.
கை தானாகப் பையைத் துழாவி
அடையாள அட்டையைத் தேடியது.
அதட்டித் திருப்பி ஹாண்டிலில் வைத்தேன்.

வவுனியாவில் வெயில்
மூடி திறந்த சோற்றுப் பானைபோல் முகத்தில் அடித்தது.
பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கூல்பார்,
காற்றாடிக்குக் கீழே மேசை.
"எத்தனை பேர்?"
ஒராள்.
பலூடாவோடு இரண்டு கரண்டி கொண்டுவந்து வைத்தான்.
ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை,
இரண்டாலும் மாறி மாறிச் சாப்பிட்டேன்.

போன் அடித்தது. இராசமலர்.
"டொக்டர் என்னவாம்?"
"தூரப்பார்வை நல்லமாம்."
"அப்ப கிட்டத்து?"
அதுக்கு இன்னொருக்கா வரட்டாம் என்றேன்.

வெளியே ஸ்கூட்டிச் சீற் சுட்டுக்கொண்டிருந்தது.
மணி பதினொன்றுகூட ஆகவில்லை.
இனி என்ன செய்வதென்று தெரியவில்லை.
இன்னொரு பலூடா சொன்னேன்.