அடிப்படை ஆண்டு

கூட்டம் மூன்று மணிக்கு.
மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
காபன் குறைப்பதைப் பற்றிப் பேச
ஜெனரேற்றர் போடலாமோ என்று
உறுப்பினர் ஒருவர் கேட்டார்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை.

யன்னல்களைத் திறந்தோம்.
இரணைமடுப் பக்கக் காற்று கொஞ்சம் வந்தது,
மிச்சம் ஏ-ஒன்பது வீதியின் புழுதி.
அறுபது கதிரை, எண்பது பேர்:
பரந்தன் அரிசி ஆலைக்காரர்,
ஓட்டோச் சங்கம், கமக்காரர் அமைப்பு,
கரடிப்போக்கில் ரயருக்கு ஒட்டுப்போடும் யூட்சன்,
சந்தையில் மீன் வெட்டும் செபமலர்.
கூட்டக்குறிப்பு எழுத நான்.

புரொஜெக்டர் செத்துக் கிடந்ததால்
நிறைமதி பிறிஸ்டல் மட்டையில் பெட்டி கீறினாள்.
வாகனம். அடுப்பு. வயல். குப்பை.
கிளிநொச்சி ஒரு வருடத்தில் விடும் புகை
இந்த நாலுக்குள் அடங்க வேண்டும்.

வைக்கோலைக் கொளுத்தாதேங்கோ என்றாள்.
"கொளுத்தாட்டி உழவு மிசின்
இன்னொரு சால் கூட ஓடும்.
அந்த டீசல் ஆற்ற கணக்கு?"
எழுதிக்கொண்டேன்.
பள்ளிக்கூட நேரத்துக்கு ஒரு பஸ் விட்டால்
இருநூறு மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும்.
எழுதிக்கொண்டேன்.
பஸ் வராது என்றார் ஒருவர்.
அதையும்.

பிறகுதான் அந்த வரி வந்தது.
அடிப்படை ஆண்டு:
எந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் குறைக்கப்போகிறோமோ
அந்த ஆண்டு.
படிவத்தில் இரண்டாயிரத்துப் பத்து என்று
முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள்.

"பத்தாம் ஆண்டோ?
ஊரே தறப்பாளுக்குள்ள கிடந்தது.
அதைவிடக் குறைக்கிறதெண்டால்
மூச்சைத்தான் நிப்பாட்டவேணும்."

"அப்ப தொண்ணூற்றேழைப் போடுங்கோ!"
யூட்சன் எழுந்துவிட்டான்.
பிளக்கைக் கழற்றி இரண்டு துளி பெற்றோல்,
மிச்சத்துக்கு மண்ணெண்ணெய்,
இருமி இருமி ஓடின பைக்.
ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி.
செய்தி கேட்கக் கவிழ்த்துவைத்த சைக்கிளில்
டைனமோ சுற்றின கை.
ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்,
பரிசு வாங்கின கதை சொல்வதுபோல.
உலகம் இப்ப கேட்கிற இலக்கை
நாங்கள் அப்பவே எட்டினோமாம்,
தடைப்பட்டியல் ஒன்றின் தயவில்.
மண்டபம் சிரித்துக் குலுங்கியது.

"அப்ப அந்த வருசம்?"

செபமலர். கதிரை கிடைக்காமல்
கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஒன்பதாம் ஆண்டுப் புகையை
எந்தப் பெட்டிக்குள்ள போடப்போறியள், பிள்ளை?"

நிறைமதி மட்டையைப் பார்த்தாள்.
வாகனம் எரிந்தது.
அடுப்பு, அடுப்பிருந்த குசினி,
வயல், வயலுக்கு வெளியே பனை.
குப்பை என்பதை அவள் வாசிக்கவில்லை.
மார்க்கரின் மூடியைப் போட்டாள்,
கழற்றினாள், திரும்பப் போட்டாள்.
அந்த ஆண்டு அவளுக்கு வயது பன்னிரண்டு.

கரண்ட் வந்தது.
தலைக்குமேல் ஆறு காற்றாடியும் ஒன்றாகச் சுழல
மட்டை சுவரைவிட்டுப் பறந்தது.
பிடிக்க ஓடினவர்களில் பாதிப்பேர்
அப்படியே தேத்தண்ணிக்குப் போனார்கள்.

போன வருடத்தையே அடிப்படையாக
ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம்.
கணக்கு இல்லாததால்
முதலில் எண்ணுவதென்றும்.

அடுத்தநாள் காலை ஆறு மணி,
கரடிப்போக்குச் சந்தி.
வடக்குப் பக்கத்துக்கு நானும் செபமலரும்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
பஸ், ஹன்ரர், வான், ஓட்டோ,
வைக்கோல் ஏற்றின லான்ட்மாஸ்ரர்:
கொளுத்தவோ மாட்டுக்கோ, தெரியாது.
எட்டு மணிக்கு
என் கொப்பியில் நானூற்றுப் பன்னிரண்டு.
அவளுடையதில் ஒன்று கூட.

"எண்ணெய் முடிஞ்சு ஒரு பெடியன்
தள்ளிக்கொண்டு போனானே, அந்த பைக்."

"அது புகை விடேல்லையே, அக்கா."

"இவ்வளவு தூரம்
அது சும்மாவோ வந்தது?" என்றாள்.
பேனையைக் கொண்டையில் செருகிக்கொண்டு
மீன் லொறி வந்துவிட்டதென்று நடந்தாள்.