எலிசெயோவின் முதுகு

ஓஹிக்கின்ஸ் ஏரிக்கரையில் சாலை முடிந்தது.
பலகைகூடச் சாய்ந்துதான் நின்றது.
படகுத்துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெண்
மழை வரும் என்றாள்,
அவ்வளவே வரவேற்பு.

ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர்.
கொய்யைக்கேயில்
ஒரு கரண்டிக்காகச் சண்டையிட்டு
மூன்று நாள் பேசாமல் மிதித்தோம்.
அப்போதும் எதிர்காற்றில் முன்னால் அவன்தான்,
அவன் மறைவில் ஒடுங்கி நான்.

எலிசெயோ நிறுத்தவில்லை.
பலகையைத் தாண்டி, சரளையைத் தாண்டி
முன்சக்கரம் நனையும்வரை போய்
ஒற்றைக்கால் ஊன்றி நின்றான்.
பின்சக்கரத்தின் கீச்சொலி நின்றது.
எண்ணெய் என் பையில்தான் இருந்தது,
முதல் நாளிலிருந்தே.
மூடுபனியில் அவன் எங்கே என்று
அந்தக் கீச்சொலிதான் சொல்லும்.

மறுநாள் பேருந்து.
சைக்கிள்கள் கூரைமேல், ஒன்றின்மேல் ஒன்று.
நாங்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கை.
அவன் சட்டையின் முதுகில்
வியர்வை உப்பு வரைந்த கோடுகளெல்லாம்
எனக்கு மனப்பாடம்.
முகத்தைப் பார்த்து
என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

ஜன்னலோரம் வேண்டுமா என்றான்.
இருபத்தாறு நாள் எனக்காகக் காற்றோடு மல்லுக்கட்டியவன்.
வேண்டாம், என்றேன்.
இன்றைக்காவது
நீ உட்கார்ந்து காற்று வாங்கு.