இணைப்பு மூன்று: தமிழ்ப் பிரதி

கோப்பு திங்கட்கிழமை கச்சேரிக்கு வந்தது.
பதினாறு பக்கம். வியாழனுக்குள் தமிழ் வேண்டும்.
உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் வெளிநாட்டுப் புத்தகமொன்று
நம் மலைக்கும் ஏறி வர வேண்டுமாம்.
வருவதற்கு நாம் காசு கட்ட வேண்டுமாம்,
மூன்று வருடத்துக்கு, டொலரில்.

"மதிப்பீட்டாளர்கள் எவருடைய செல்வாக்குக்கும் உட்படார்"
என்று நான்காம் பந்தி.
"அவர்களின் விமானச் சீட்டும் தங்குமிடமும்
அரசாங்கத்தின் பொறுப்பு" என்று ஐந்தாம் பந்தி.
இரண்டுக்கும் நடுவில் ஓர் "ஆயினும்" போட்டேன்.
மூலத்தில் இல்லையென்று
சிவப்பு மையால் அடித்துவிட்டார் நிர்வாக உத்தியோகத்தர்.

தம்பி திலகேந்திரன்
வாவிக்கரைப் பெரிய ஹோட்டலில் லீக்ஸ் வெட்டுகிறான்,
நூல் நூலாக.
"வரட்டும் அக்கா. இங்க ஒரு நட்சத்திரம் விழுந்தா
துபாயில என் கத்திக்கு ரெண்டு மடங்கு சம்பளம்."
அவன் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது.
அந்தக் கணக்கில் அவன் இங்கே இல்லை.

செய்தி எப்படியோ நானுஓயாவுக்கு இறங்கிவிட்டது.
வருகிறவர் தனியாக வருவார், பேர் சொல்லமாட்டார்,
தட்டை உற்றுப் பார்ப்பார்.
செவ்வாய் மதியம் நிஸ்தார் நானா கடையில்
சப்பாத்தில் சேறோடு ஒருவர்.
ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.
சின்னக் கொப்பியில் ஏதோ குறித்தார்.
நானா கட்டச் சம்பலைப் புதிதாக இடிக்கச் சொன்னார்,
மாசி இரட்டிப்பாய்.
முட்டை கேட்காமலே வந்தது.
பிளேன்டீக்குச் சீனி போய்க் கித்துள் கருப்பட்டி.
காசு வேண்டாமென்றும் சொல்லிப் பார்த்தார்.
வந்தவர் எண்ணி வைத்துவிட்டு
இரண்டு மாத பில் பாக்கியென்று
வெளியே போய்க் கரண்டை வெட்டினார்.

பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றேன்.
மெழுகுவர்த்திக்குப் பின்னாலிருந்து நானா சிரித்தார்:
"சம்பல் நல்லாரிக்கின்னு சொல்லிட்டுத்தான் மகள் வெட்டினான்."

அரசாங்கத்தை நான் குறை சொல்லவில்லை,
என் சம்பளமும் அங்கேதான்.
விருந்தாளி வந்தால் வாசல் கூட்டுவோம், சரி.
விருந்தாளிக்கே காசு கொடுத்து
வீடு நன்றாக இருக்கிறதென்று சொல்லச் சொல்வதற்கு
தமிழில் ஒரு சொல் இருக்கத்தான் வேண்டும்.
அரச கரும அகராதியில் "ஊக்குவிப்புக் கொடுப்பனவு" என்றிருந்தது.
அதையே போட்டேன்.

கடைசிப் பக்கம் அட்டவணை,
மாவட்டத்தின் மற்றச் செலவுகள்.
பன்னிரண்டாவது வரியில் தோட்டப் பாடசாலை மதிய உணவு.
சமைப்பவர் சந்தனமேரி, மூன்று மாத நிலுவை.
பேர் மறைத்து யாரும் போய்
அவர் பருப்பை ருசி பார்த்ததில்லை.
அறுபத்துநாலு பிள்ளைகள் தட்டை வழித்து வைக்கிறார்கள்.

அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் உடுக்குறி.
உடு என்றாலும் நட்சத்திரந்தான்.
கீழே, பொடி எழுத்தில்:
"நிதி கிடைக்கும்பட்சத்தில் மட்டும்."

அப்படியே அடித்தேன்.
அது மூலத்தில் இருந்தது.