கூண்டு இறக்கிய மறுநாள்

மூன்றாம் எண் கூண்டை
நேற்றுச் சாயங்காலமே இறக்கிவிட்டார்களாம்.
டோக்கன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத்தான்
யாரும் சொல்லவில்லை.

மண்டபத்தில் பஸ் பிடித்து, பாலம் தாண்டி,
பையில் திருப்புளி, பிரஷ், ஸ்பிரிட் பாட்டில்,
மடியில் ஒரு பழைய கீபோர்டுமாய்
பாம்பனில் இறங்கினேன்.
தோளில் துண்டு போட்ட ஒருவர்
நான் தாமதித்ததை ஐஸ் கணக்கில் சொன்னார்:
நாலு பார் கரைஞ்சு போச்சு தம்பி.

திரை கறுப்பு.
நாலு மூலையிலும் சேஃப் மோடு, சேஃப் மோடு.
ஐகான் ஒவ்வொன்றும் இட்லி அளவு.
பிரிண்டரைத் தெரியாது என்கிறது,
நெட்டைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறது.
மூச்சுக்கு வேண்டியதை மட்டும் உள்ளே வைத்து
மீதியை வாசலில் நிறுத்திவிட்ட வீடு.

எத்தனை தடவை அணைச்சுப் போட்டாலும்
இப்படியேதான் எழும்புதுண்ணே
என்றாள் லெதீசியா.
டோக்கன் போடுகிறவள்.
கையால் எழுதிக் கொடுத்தால் செல்லாது.

முதலில் எஃப் எட்டைச் சந்தேகித்தேன்.
இந்தக் கரையில் விசைகள் தாமாகவே அமுங்கும்,
உப்புக்கு விரல் உண்டு.
பெயர்த்துப் பார்த்தால்
பச்சை பூத்த செம்பு, ஒரு சாளைச் செதிள்,
பாதி பிஸ்கட், அதில் குடியேறிய எறும்புகள்.
கீபோர்டை மாற்றினேன்.
மறுபடியும் நாலு மூலை.

ரேமை உருவி
பள்ளிக்கூட ரப்பரால் பல் தேய்த்துச் செருகினேன்.
நாலு மூலை.
டிரைவர்களைக் கழற்றினேன், வைரஸ் தேடினேன்,
கடைசியில் சும்மா
பெட்டியின் தலையில் ஒரு தட்டும் தட்டினேன்.

வெளியே குரல்கள் ஏறின.
ஆண்கடலே அடங்கிடுச்சு,
பெண்கடல்ல தண்ணி தெளிஞ்சிருச்சு,
இந்தப் பெட்டிக்கு மட்டும் என்னப்பா இன்னும் புயலு?
துண்டுக்காரர் ஜன்னலில் தலையை விட்டு
யாரும் கேட்காமலே சொன்னார்:
இவ தம்பி கிளிட்டஸ்
அந்தப் பக்கத்து ஜெயில்லேர்ந்து வந்து
இருபது நாளாச்சு.
இன்னிக்குத்தான் முத இறக்கம்.

அதற்குப் பிறகுதான் தோன்றியது.
ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக்.
பூட் என்ற தாள்.
சேஃப் பூட் பக்கத்துக் கட்டத்தில்
சின்னதாய் ஒரு டிக்.

இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.
பத்து வருஷத் தொழில்.
இது இருக்கும்வரை
நூறு தடவை அணைத்துப் போட்டாலும்
அங்கேதான் போய் நிற்கும்.
தானாய் விழுகிற டிக் இல்லை இது.
உப்புக்கு மவுஸ் பிடிக்க வராது.

நான் திரும்பவில்லை.
அவள்தான் பின்னாலிருந்து, மெதுவாக:
போன தடவை நீங்கதானண்ணே காட்டிக் குடுத்தீங்க.
இதை வச்சுட்டா வேண்டாதது எதுவும்
ஏறாதுன்னு.

சொல்லியிருப்பேன்.
டீ வாங்கிக் கொடுத்தால் நான் நிறையச் சொல்லுவேன்.

ஃபேன் கடகடத்தது.
அம்பு கட்டத்தின் மேல் நின்றது.
ஒரு பட்டனுக்கு இந்தப் பக்கம்
முப்பத்தொரு படகு, கரைகிற ஐஸ்,
வட்டிக்கு வாங்கிய டீசல்.
அந்தப் பக்கம் ஒரே ஒருவன்,
அவனும் வெளியே நின்று
யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான்.

எடுத்தேன்.
ரீஸ்டார்ட்.
ஒரு நிமிஷம் இரண்டு பேரும்
சுழலும் வட்டத்தைப் பார்த்தோம்.
பிறகு மூலைகள் காலி.
நீல வானம், ஐகான்கள் சிறுத்தன,
பிரிண்டர் இருமி
மூன்று நாள் பாக்கியைத் துப்ப ஆரம்பித்தது.

கிளிட்டஸுடையது பதினேழாவதாக வந்தது.
அதையும் மற்றதைப் போலவே
கோட்டில் மடித்துக் கிழித்து, சீல் குத்தி,
கம்பிக்கு வெளியே நீட்டினாள்.
தம்பி வாங்கிப் பையில் சொருகிக்கொண்டு
அக்காவிடம் சில்லறை கேட்டான்.

முந்நூறு ரூபாய்க்குப் பில் போட்டேன்.
பழுது: கீபோர்டு.
காரணம்: உப்பு.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள்
பேனாவை மூடாமல் கேட்டாள்:
அந்தக் கட்டம்
அங்கேயேதான இருக்கும்?

இருக்கும் என்றேன்.