கேள்வி எண் நான்கு

"கடந்த ஏழு நாட்களில்
மூச்சு வாங்கும்படி ஏதும் செய்தீர்களா?
எத்தனை நிமிடம்?"

எலியானா கத்ரிலேயோ சிரிக்கிறாள்.
வால்பரைசோவில் ரொட்டி வாங்கவே
நூற்றிநாற்பது படி இறங்கி ஏறணும்,
அதுவும் கணக்கா?

"உடற்பயிற்சி என்று செய்தது..." இழுக்கிறேன்.
"அப்படியென்றால் பூஜ்யம்."
எழுதிக்கொள்கிறேன்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்:
அடுப்படிச் சுவரில் பென்சில் கோடுகள்,
பிள்ளை வளர்த்தியைக் குறித்ததுபோல.
அந்த வீட்டில் பிள்ளை இல்லை.

அறுத்த பக்கத்துக் கை
விரல் விரலாய்ச் சுவரில் ஊர்ந்து
எட்டிய உயரங்கள்.
ஜூனில் தோள். ஆகஸ்டில் காது.
நேற்றையது,
காப்பி டப்பா இருக்கும் தட்டுக்கு
நான்கு விரற்கடை கீழே.

வாசலில் நின்று பூஜ்யத்தை அடித்தேன்.
பதிலுக்கு எதை எழுத?

இறங்கும்போது படிகளை எண்ணினேன்.
அறுபதுக்குமேல்
விட்டுப்போயிற்று.