திரும்பும் பாதி

குஞ்சப்பனை வளைவில் மண் இறங்கியபோது
அப்பா மூன்றாவது வரிசையில்
மடியில் வர்க்கிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.
சில்வர் ஓக் ஒன்று சாலைக்குக் குறுக்கே.
வேரில் தொங்கிய சேறு
பஸ்ஸின் விளக்கில் பளபளத்ததாம்.
ஜேசிபி வர இரவு ஒன்றரை, வழி விட விடியல்.
அதற்குள் அத்தைக்கு வாங்கியதில் பாதியை
அவரும் கண்டக்டரும் தின்று முடித்திருந்தார்கள்.

திருச்சியில் விமானம் எட்டே காலுக்கு.
எட்டே காலுக்கு அவர்
மேட்டுப்பாளையத்தில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல. போறதுதானே போச்சு,
வர்றது இருக்குல்ல?" என்றார் போனில்.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
நாகப்பட்டினத்தில் கப்பல் இருக்கிறது.
வந்ததே கப்பலில்தான், போகவும் போகட்டும்.
இருபத்தாறாம் தேதி பதினான்கு சி,
ஜன்னலோரம், காசு கட்டிய இருக்கை,
எங்கே ஓடிவிடும்?

நாற்பது நிமிடம் வீணை கேட்ட பிறகு
பெனிட்டா என்றொருத்தி பேசினாள்.

"மிஸ்டர் சன்னாசி ஏறலை மேடம்."
"ஆமா. ரோட்டுல மரம்..."
"ஏறலைன்னா ரிட்டர்னும் கேன்சல் ஆயிடும்."
"அதுக்குத் தனியாக் காசு கட்டியிருக்கோமே?"
"தனி இல்ல மேடம். ரெண்டும் ஒரே டிக்கெட்."

முந்தின நாள் மாலை வாசலில் அவரும்
ஒரே மூச்சில்தான் சொன்னார்,
போயிட்டு வர்றேன் என்று.

"வேற வழியா அவர் அங்க போயிட்டா?"
தட்டச்சுச் சத்தம்.
எங்கள் தகரக்கூரை மீதும் அதே சத்தம்.
"எங்க கணக்குல அவர் இன்னும் கிளம்பவே இல்ல மேடம்.
கிளம்பாதவர் எப்படித் திரும்புவார்?"

குத்தலாகச் சொல்லவில்லை.
உண்மையிலேயே கேட்டாள்.

விசாவுக்கு முதலில் கேட்டதே அந்தத் திரும்பும் டிக்கெட்டைத்தான்.
வருவேன் என்று காட்டினால்தான் போகலாம்.
போனேன் என்று காட்டினால்தான் வரலாம்.
நடுவில் குஞ்சப்பனை என்று ஓர் இடம் இருப்பது
எந்தப் படிவத்திலும் இல்லை.

மதியம் டேன்டீ குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார்,
ஸ்வெட்டர் முழுக்கச் சேறு.
ஈரக் காலுறையை உருவியபடி கேட்டார்.
"கிளம்பாதவன் திரும்ப முடியாதாமா?"
"முடியாதாம்."
ஒரு காலுறை கையிலேயே நின்றது.
சிரித்துவிட்டார்.

பீரோ மேல் பிஸ்கட் டின்னில்
எழுபத்து நாலாம் வருடத்து அட்டை இருக்கிறது.
பிறந்த இடம்: தலவாக்கலை.
அவர் அப்பா பிறந்ததும் அதே லயம்தான்.
இருபத்தொரு வயதுவரை
இந்தியா அவருக்கு ஒரு ரேடியோ நிலையம்.
தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி
மண்டபம் முகாமில் தலை எண்ணப்பட்டு
கோத்தகிரிக் குளிரில் வந்து நின்றபோது
அட்டையில் முத்திரை காய்ந்திருந்தது:
தாயகம் திரும்பியோர்.

"அம்பது வருசம் முந்தியே
நான் போகாம திரும்புனவன்.
அந்தப் புள்ளைகிட்ட சொல்லு."

சொல்லவில்லை.
எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன்.
வரி மட்டும், மேடம்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
பத்து வேலை நாளில்.

ராத்திரி அத்தை வீடியோவில் வந்தாள்.
திரை முழுக்க நெற்றியும் ஒரு கண்ணும்.
அந்த வருடம் புருஷன் வீட்டார் வேறு தாளில் நாட்டு வைக்க
அவள் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.
"எங்கடா இருக்க?"
"வீட்லதான்."
"எந்த வீட்ல?"

அப்பா பதில் சொல்லாமல்
மிச்ச வர்க்கியை ஒவ்வொன்றாக எடுத்து
கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.
ஒன்று நொறுங்கியிருந்தது. அதையும் காட்டினார்.